கணினியின் இரைச்சல் பேஸ் கிட்டாருக்குள் எந்த வழியாக நுழைகிறது?

நண்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. ஜாஸ் பேஸ் வகைக் கிட்டார் ஒன்றை யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரின் ஒலியை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) வழியாக வீட்டில் லேப்டாப்பில் பதிவு செய்கிறார். மேசையில் தனிக் கணினித் திரை (மானிட்டர்) ஒன்றும், ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே கொண்ட பவர்டு ஸ்பீக்கர்கள் இரண்டும் இருக்கின்றன. மேசையைப் பார்த்து உட்கார்ந்தால் ரீங்காரம் எழுகிறது. உடலைத் திருப்பினால் அது குறைகிறது. தந்தியைத் தொட்டாலும் ஓரளவு குறைகிறது. மவுஸை நகர்த்தும்போது மட்டும் மெல்லிய கீச்சொலி ஒன்று தனியாகக் கேட்கிறது. கிட்டாரின் உட்குழிவில் செம்புத் தாள் ஒட்டும்படி ஒருவரும், ஃபெரைட் மணி கோத்த யுஎஸ்பி கேபிள் வாங்கும்படி இன்னொருவரும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டில் எதற்குச் செலவு செய்யலாம் என்பது அவர் கேள்வி. ஆனால் அவர் தந்திருக்கும் விவரங்களைச் சேர்த்துப் படித்தால், அவருடைய பதிவில் இருப்பது ஒரே இரைச்சலாகத் தெரியவில்லை. மூன்று இரைச்சல்கள், மூன்று வெவ்வேறு வழிகளில் உள்ளே வந்து ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒரு வழியை அடைக்கும் மருந்து மற்ற இரண்டையும் தொடாது. ஆகவே எந்த இரைச்சல் எந்த வழியில் வருகிறது என்று பிரித்தறிவதுதான் அவருக்கு உண்மையில் வேண்டியது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் மின்னணுவியல் படித்தவன். பதினாறு ஆண்டுகளாகக் கிட்டார்களின் உள்மின்சுற்றைப் பழுதுபார்ப்பதும் சிறிய ஒலிப்பதிவு அறைகளுக்கு வயரிங் செய்து கொடுப்பதுமே என் தொழில்.

முதலில் பிக்கப் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாக மிக மெல்லிய செம்புக்கம்பி சுற்றப்பட்ட சுருள் அது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, அசைவுக்கு ஏற்பச் சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. அந்த அசைவு தந்தியிலிருந்து வந்ததா, பக்கத்திலிருக்கும் அடாப்டரிலிருந்து வந்ததா என்று சுருளுக்குத் தெரியாது. லேப்டாப்பின் உள்ளே மின்னழுத்தத்தை மாற்றித்தரும் சுற்றுகள் காதுக்கு எட்டாத வேகத்தில் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் திரையில் படம் மாறுவதற்கும் மவுஸ் நகர்வதற்கும் ஏற்ப அவை இழுக்கும் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்கம் காதுக்குக் கேட்கும் வேகத்தில் நடக்கிறது. சுருளுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான். இதோடு வீட்டின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹம் எனப்படும் தாழ்ந்த ரீங்காரம், அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸ் ஒலிகள், விசிறி ரெகுலேட்டரின் கரகரப்பு ஆகியவையும் சேர்கின்றன. கணினியைக் குற்றம் சொல்லுமுன் ஒருமுறை விசிறியையும் விளக்குகளையும் முழுவதும் அணைத்துக் கேட்க வேண்டும். பழைய வகைச் சுழல்குமிழ் மின்னணு ரெகுலேட்டர் மின்அலையை நடுவில் வெட்டி வெட்டி வேகத்தைக் குறைப்பது. அது ஒரு அறையிலிருக்கும் எல்லா பேஸ்களையும் கெடுக்கப் போதுமானது. படிப்படியாக மாறும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இனிப் பிரித்தறியும் சோதனை. இதற்குக் காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும். ஹெட்ஃபோனை நேராக இன்டர்ஃபேஸில் மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கர்களின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு நிலையிலும் பத்து நொடி வாசிக்காமல் பதிவு செய்துகொள்ளுங்கள். ஸ்பீக்கரை முதலிலேயே விலக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் வந்த இத்தகைய புகார்களில் பல, பதிவில் இல்லாத இரைச்சலைப் பற்றியவையாக இருந்தன. இரைச்சல் ஸ்பீக்கரில் மட்டும் இருந்தது, பதிவு சுத்தமாக இருந்தது. மவுஸ் கீச்சொலி அப்படி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்பீக்கரை எடுத்தவுடன் ஹெட்ஃபோனில் அது மறைந்தால், கிட்டாரைத் தொடவே வேண்டியதில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, கிட்டார் கேபிளை இன்டர்ஃபேஸிலிருந்து கழற்றி, அதற்குப் பதிலாக, முனையும் உறையும் ஒன்றாகச் சால்டர் வைத்துச் சேர்க்கப்பட்ட ஒரு கால் அங்குல பிளக்கை இன்டர்ஃபேஸில் செருகுங்கள். கைவசம் இருக்கும் எந்தப் பழைய பிளக்கிலும் இதைச் செய்துகொள்ளலாம். இப்போது உள்ளீட்டில் எதுவும் இல்லை. அப்படியும் இரைச்சல் கேட்டால் அது இன்டர்ஃபேஸிலிருந்தோ அதற்கு யுஎஸ்பி வழியே வரும் மின்சாரத்திலிருந்தோ வருகிறது. கிட்டாரின் வால்யூம் குமிழ்களைப் பூஜ்யத்துக்குக் குறைத்தும் இதே சோதனையைச் செய்யலாம் என்று பலர் எழுதுவார்கள். மற்ற பல கிட்டார்களுக்கு அது சரி. இரண்டு பிக்கப்களும் அவற்றுக்குத் தனித்தனி வால்யூம் குமிழ்களும் கொண்ட ஜாஸ் பேஸுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. அதன் வழக்கமான வயரிங்கில் பிக்கப் குமிழின் நடுக்காலோடு சேர்கிறது, வெளியீடு ஓரக்காலிலிருந்து போகிறது. ஒரு பிக்கப்பைக் குறைத்தால் மற்றதும் சேர்ந்து அடங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இரண்டையும் பூஜ்யத்தில் வைத்தால் பிக்கப்கள் எர்த்தோடு சேர்ந்து அடங்கிவிடும்; ஆனால் வெளியீட்டுக் கம்பி, வழக்கமாக 250 கிலோ ஓம் மதிப்புள்ள குமிழ்களின் வழியாகவே எர்த்தை அடைகிறது. அதனால் எஞ்சும் இரைச்சலைப் பார்த்து இன்டர்ஃபேஸைப் பழிக்கக் கூடாது. சால்டர் வைத்த பிளக் இந்தக் குழப்பத்தைத் தராது.

மூன்றாவதாக, பேஸை மீண்டும் மாட்டி, உட்கார்ந்த இடத்திலேயே நாற்காலியை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஏதோ ஒரு திசையில் ரீங்காரம் உச்சத்துக்குப் போய், அதிலிருந்து கால் சுற்றுத் தள்ளிய திசையில் பள்ளத்துக்கு இறங்கினால், அது காந்தப்புலம் வழியாகச் சுருளுக்குள் நேரே நுழைகிறது என்பது உறுதி; இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. நான்காவதாக, தந்தியைத் தொட்டும் தொடாமலும் கேளுங்கள். தொட்டால் குறையும் பகுதி மின்புலத்தால் வருவது: உங்கள் உடல் ஆண்டெனாபோல அறையின் மின்புலத்தை ஏந்தி நிற்கிறது, பிரிட்ஜ் (தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் உலோகப் பகுதி) வழியாக எர்த்தோடு சேர்ந்த தந்தியைத் தொடும்போது அது வடிந்துவிடுகிறது. தொட்டால் இரைச்சல் கூடினால் அது வேறு கதை. கிட்டாரில் கேபிள் செருகும் ஜாக்கில் இரண்டு கம்பிகளும் இடம் மாறிச் சால்டர் செய்யப்பட்டிருக்கலாம், அல்லது வீட்டு எர்த்தே இல்லாமல் இருக்கலாம். கடைசியாக, லேப்டாப்பின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் பாதியாகக் குறைந்தால் அடாப்டருக்கும் எர்த்துக்கும் இடையே ஏதோ நடக்கிறது.

நண்பரின் விவரப்படி, திரும்பினால் குறையும் காந்த இரைச்சல்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். இதற்குச் செம்புத் தாள் உதவாது. உலோகம் ஒரு மாறுபுலத்தைத் தடுக்க வேண்டுமானால், அந்த அதிர்வெண்ணில் புலம் உள்ளே இறங்கும் ஆழத்துக்கு நிகரான தடிமன் அதற்கு இருக்க வேண்டும். செம்பில் 50 ஹெர்ட்ஸ் புலம் இறங்கும் ஆழம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். நாம் ஒட்டும் தாளோ ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி. பல மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைகளுக்கு அது நல்ல சுவராக நிற்கும், 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு அது இல்லாததற்குச் சமம். தவிரவும், பிக்கப்பின் மேற்பக்கம் தந்தியைப் பார்த்துத் திறந்தே இருந்தாக வேண்டும்.

காந்தப்புலத்துக்கு உண்மையான மருந்துகள் தூரம், கோணம், ஹம்மைத் தானே கழித்துக்கொள்ளும் சுருள் அமைப்பு ஆகிய மூன்றுதான். இவற்றில் தூரத்தின் வலிமையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சிறிய டிரான்ஸ்ஃபார்மர், அடாப்டர் போன்ற கச்சிதமான மூலங்களின் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும், அதாவது 18 டெசிபல் இறக்கம். அரை மீட்டரில் உட்கார்ந்திருப்பவர் ஒன்றரை மீட்டருக்கு நகர்ந்தால் கணக்குப்படி இருபத்தேழில் ஒரு பங்குதான் மிஞ்ச வேண்டும். நடைமுறையில் சுவருக்குள் ஓடும் வயர்களின் புலமும் சேர்வதால் அவ்வளவு இறக்கம் கிடைப்பதில்லை. ஆனாலும் இந்த ஒரு மீட்டர் செய்யும் வேலையை எந்த விலையுயர்ந்த கேபிளும் செய்து நான் பார்த்ததில்லை.

விலகி உட்காரச் சொன்னால், பதிவைத் தொடங்க மேசைக்கு எப்படி எட்டுவது என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கு, நீட்ட வேண்டியது யுஎஸ்பி கேபிளையே. கிட்டார் கேபிளை நீட்டக் கூடாது. யுஎஸ்பி 2.0 கேபிள் ஐந்து மீட்டர் வரை அனுமதிக்கப்பட்டது. மூன்று மீட்டர் நல்ல கேபிள் ஒன்றைப் போட்டு இன்டர்ஃபேஸை உங்கள் நாற்காலியருகே கொண்டுவந்துவிடுங்கள், லேப்டாப் அங்கேயே இருக்கட்டும். எண்களாக மாறிய பிறகு கேபிளில் ஓடும் ஒலிக்கு இந்த ஹம் ஒன்றும் செய்யாது. மாறாக, பாசிவ் பிக்கப்பின் (பேட்டரிச் சுற்று இல்லாத பிக்கப்) வெளியீடு உயர்மின்தடை கொண்டது. கேபிள் நீள நீள இரைச்சலும் ஏறும், மேல்ஸ்தாயியின் தெளிவும் மங்கும். பதிவைத் தொடங்கி நிறுத்த ஒரு கம்பியில்லா விசைப்பலகை போதும். பதிவு ஓடும்போது தனி மானிட்டரை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாவிட்டால் அதன் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வையுங்கள். சில மானிட்டர்கள் பின்விளக்கை வேகமாக ஏற்றி அணைத்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. முழு வெளிச்சத்தில் அந்த ஏற்றி அணைத்தல் நின்றுவிடும். அடாப்டரின் கட்டி உங்கள் காலடியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். பலருடைய வீட்டில் அது பேஸுக்கு நேர் கீழே, ஓரடித் தூரத்தில் கிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

கோணத்தைப் பொறுத்தவரை, நாற்காலிச் சோதனையில் கண்ட பள்ளத் திசையைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் அதையே பார்த்து உட்காருங்கள். எளிய செய்கைதான், ஆனால் பாதிப் பாட்டில் திரும்பி உட்கார்ந்தால் இரைச்சலின் நிறம் நடுவில் மாறிவிடும், பிறகு அதைத் திருத்துவது கடினம்.

சுருள் அமைப்புக்கு வருவோம். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் 1951-இல் ஒற்றைச் சுருளோடு வந்தது. 1957-இல் அதன் பிக்கப் இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு பாதிகளின் காந்தமும் சுற்றும் எதிரெதிர். தந்தியின் ஒலி கூடும், வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்களும் பெரும்பாலும் இதே முறையில் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டவை. ஆகவே இரண்டு வால்யூம் குமிழ்களையும் முழுதாகத் திறந்துவைத்தால் ஹம் வெகுவாக அடங்கும்; ஒன்றைச் சற்றே குறைத்தாலும் சமநிலை குலைந்து திரும்பி வரும். நண்பர் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்து வாசிக்கிறாரா என்பதைச் சொல்லவில்லை. அப்படியானால் இரண்டையும் திறந்து ஒருமுறை கேட்க வேண்டும். நாதம் சற்று மாறும், ஆனால் செலவில்லாத மருந்து இது. இரண்டையும் திறந்தும் ஹம் குறையவில்லை என்றால், பிக்கப்களில் ஒன்று பின்னாளில் மாற்றப்பட்டு ஒரே திசைச் சுற்றுள்ளதாக இருக்கலாம். தனி பிக்கப்பின் நாதமே வேண்டுமென்றால், அதே அளவுக் கூட்டுக்குள் இரட்டைச் சுருள் கொண்ட ஹம் நீக்கும் பிக்கப்கள் கிடைக்கின்றன. அவற்றின் நாதம் அசலுக்கு எவ்வளவு நெருங்கியது என்பதில் வாசிப்பவர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. என் காதுக்கு, முழுக் கலவைக்குள் அந்த வேறுபாடு தெரிவதில்லை.

இந்தக் கழித்தலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. இரண்டு சுருள்களையும் புலம் ஒரே அளவில் தாக்கினால்தான் முழுதாகக் கழியும். தொலைவிலிருந்து வரும் புலம் அப்படித்தான் தாக்கும். லேப்டாப் ஓரடியில் இருந்தால், அதன் பக்கத்திலுள்ள சுருளுக்கு அதிகமும் மற்றதற்குக் குறைவுமாகப் புலம் சேர்கிறது. மீதி இரைச்சல் தங்கிவிடும். ஹம்பக்கர் என்ற ஹம் நீக்கும் பிக்கப் வாங்கியும் கணினி இரைச்சல் போகவில்லை என்று சொல்பவர்களின் குறை பெரும்பாலும் இதுதான். தூரம் முதலில், பிக்கப் பிறகு.

தந்தியைத் தொட்டால் குறையும் பகுதிக்குத்தான் செம்புத் தாள் உரியது. அதையும் ஒட்டுமுன் ஒரு காரியம் செய்யுங்கள்: மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையை ஜாக்கின் உறையிலும் வைத்துப் பாருங்கள். ஓரிரு ஓம்களுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், பிரிட்ஜின் அடியில் மரத்தோடு அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது. கால் மணி நேரத்தில் தீரும் பழுது அது. நண்பருக்குத் தொட்டால் குறைகிறது என்பதால் அந்தக் கம்பி இருக்கிறது என்றே தோன்றுகிறது. அதன் பிறகும் தொடாதபோது எழும் இரைச்சல் பெரிதாக இருந்தால் மட்டும், பிக்கப் குழிகளையும் குமிழ்க் குழியையும் பசையும் மின்கடத்தும் செம்புத் தாளால் முழுக்க மூடி, துண்டுகளின் இணைப்புகளில் சிறு சால்டர் புள்ளி வைத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எர்த்தோடு சேருங்கள். எர்த்தோடு சேராத தாள், ஒட்டாததைவிட மோசமாகவும் நடந்துகொள்ளும். உள்ளே ஓடும் சிக்னல் கம்பிகள் தாளில் உரசாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். இந்த வேலையால் கரகரப்பும் வானொலிச் சத்தங்களும் குறையும், திரும்பினால் மாறும் ஹம் அப்படியே இருக்கும். இதை முன்கூட்டியே அறிந்து செய்தால் ஏமாற்றம் இராது.

இப்போது மவுஸ் கீச்சொலி. இது கம்பிகளின் வழியே வருவது. சால்டர் வைத்த பிளக்கைச் செருகியும் பதிவில் இருந்தால், பதிவு மென்பொருளின் அலைமாலைக் (ஸ்பெக்ட்ரம்) காட்சியில் அதன் அதிர்வெண்ணைப் பாருங்கள். சரியாக 1000 ஹெர்ட்ஸில் கூரான கோடு நின்றால் அது யுஎஸ்பியின் ஒரு மில்லிநொடித் துடிப்பு. 8000 ஹெர்ட்ஸில் நின்றால் அதிவேக யுஎஸ்பியின் 125 மைக்ரோநொடித் துடிப்பு. இரண்டும், கணினி அனுப்பும் மின்சாரத்தின் அழுக்கு இன்டர்ஃபேஸுக்குள் கசிவதைக் காட்டுகின்றன. லேப்டாப்பின் மறுபக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுவது, தனி மின்வசதி உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக இணைப்பது, இன்டர்ஃபேஸுக்கே தனி மின்உள்ளீடு இருந்தால் அதைப் பயன்படுத்துவது ஆகியவற்றை இந்த வரிசையில் முயலலாம். யுஎஸ்பி ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டியும் இருக்கிறது. அது கணினியின் எர்த்தையும் இன்டர்ஃபேஸின் எர்த்தையும் முற்றாகப் பிரிப்பதால் கோட்பாட்டளவில் மிகச் சிறந்த மருந்து. ஆனால் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். இன்றைய இன்டர்ஃபேஸ்களில் பல 480 மெகாபிட் வேகத்தை எதிர்பார்ப்பவை. வேகத்தைக் கேட்டு உறுதி செய்யாமல் வாங்க வேண்டாம். ஃபெரைட் மணி பற்றி நண்பருக்குச் சொல்லப்பட்டது முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். மெகாஹெர்ட்ஸ் அளவு அதிர்வுகளை அது அடக்கும், பக்கத்து வானொலி நிலையம் கேபிளில் பேசுகிறது என்றால் உதவும். ஹம்முக்கும் கீச்சொலிக்கும் அதிலிருந்து நான் பயன் கண்டதில்லை.

கீச்சொலி ஸ்பீக்கரில் மட்டும் இருந்தால், அது எர்த் சுழல். மூன்றுமுனை அடாப்டர் வழியாக லேப்டாப் ஒரு எர்த்தையும், ஸ்பீக்கர்கள் தங்கள் பிளக் வழியாக இன்னொரு எர்த்தையும் தொடுகின்றன. இடையில் ஆடியோ கேபிளின் உறை அந்த வட்டத்தை முடித்துவைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்குச் சாதாரணக் கேபிளுக்குப் பதிலாக, மூன்று தொடுமுனை கொண்ட பாலன்ஸ்டு கேபிள் போடுங்கள். இரண்டிலும் பெரும்பாலான சுழல்கள் அடங்கிவிடும். இருமுனை அடாப்டர் என்றால் நிலைமை வேறு. அதனுள்ளே முதன்மைப் பக்கத்துக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கிறது; எர்த் இல்லாததால் லேப்டாப்பின் உடல் மின்னழுத்தம் ஏறி மிதக்கிறது. உலோக உடலைத் தடவும்போது விரலில் மெல்லிய அதிர்வு தெரிவது அதனால்தான். அந்த மிதப்பு கேபிளின் உறை வழியாகப் பேஸுக்கும் உங்கள் உடலுக்கும் வந்து ரீங்காரமாகக் கேட்கும். பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்வதே இங்கு எளிய வழி; அதே லேப்டாப்புக்கு மூன்றுமுனை அடாப்டர் கிடைத்தால் அதுவும் நல்லது.

எர்த் முனையை வெட்டிவிட்டால் ஹம் போய்விடும் என்று யாரேனும் சொல்லக்கூடும். சுழல் இருக்கும் இடத்தில் அது உண்மையிலேயே போகும். அதனால்தான் அந்த யோசனை ஆபத்தானது. 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். தந்திகள் உங்கள் கையை நேராக எர்த்தோடு இணைத்து வைத்திருக்கின்றன. இன்னொரு கருவியில் பழுது வந்தால் மின்சாரம் உங்கள் வழியாகத்தான் போகும். வாடகை வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் உண்மையில் இருக்கிறதா என்று அளந்து பார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பதிலில் சொன்னவற்றுள் இது ஒன்றை மட்டும் ஒத்திப்போட வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டி (கிட்டாரின் சிக்னலை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றித்தரும் பெட்டி) பற்றியும் கேட்பீர்கள். பேஸிலிருந்து சிறு கேபிளில் அதற்குப் போய், அங்கிருந்து பாலன்ஸ்டு கேபிளில் இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீட்டுக்குப் போகலாம். நீண்ட கேபிள் தேவைப்படும் இடத்திலும், ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து இணைக்கும் இடத்திலும் அது மிக நல்லது. ஆனால் சுருளுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட காந்த ஹம்மை அது நீக்காது. அதிலுள்ள, எர்த் இணைப்பைப் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானையும் யோசித்தே அழுத்த வேண்டும். ஆம்ப்ளிஃபயர் எதுவும் இணையாமல் பாசிவ் பேஸ் மட்டும் இருந்தால், அந்தப் பொத்தான் பேஸின் ஒரே எர்த்தைத் துண்டித்து ரீங்காரத்தைக் கூட்டிவிடும். பாசிவ் டி.ஐ.யின் உள்ளீட்டு மின்தடை, இன்டர்ஃபேஸின் 1 மெகா ஓம் அளவுள்ள கிட்டார் உள்ளீட்டைவிடப் பொதுவாகக் குறைவு, ஆகவே மேல்ஸ்தாயி சற்றே மென்மையாகும். பேஸுக்கு அது சிலருக்குப் பிடித்தமானதுதான்.

இவ்வளவும் பதிவுக்கு முன்பே செய்யச் சொல்வதற்குப் பேஸுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. நான்கு தந்தி பேஸின் அடித்தந்தி 41.2 ஹெர்ட்ஸ். அதன் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஒருமுறை வீதம் ஒலி எழுந்து அமிழும். அந்த ஜி-யை நீட்டிப் பிடிப்பவர் தன் சுருதி ஆடுகிறது என்று நினைத்து டியூனரைத் திருகிக்கொண்டிருப்பார். மேல் ஜி-யான 98 ஹெர்ட்ஸுக்கும் 100 ஹெர்ட்ஸ் ஹம்முக்கும் இதே சிக்கல், நொடிக்கு இருமுறை வீதம். பிறகு ஈக்வலைசரில் 50 ஹெர்ட்ஸைக் கூராக வெட்டினால் ஜி-யும் சேர்ந்து மெலியும். பாடல் ஜி மேஜரில் இருந்தால் அதன் அடித்தளமே போய்விடும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக உள்ள அமெரிக்காவில் எழுதப்பட்ட குறிப்புகள் இந்த ஜி பற்றிப் பேசாததற்கு, அங்கே ஹம் ஏ-ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவில் விழுவதுதான் காரணம். 8000 ஹெர்ட்ஸ் கீச்சொலிக்கு மட்டும் பின்திருத்தம் பாதுகாப்பானது: விரலால் வாசிக்கும் பேஸில் 6000 ஹெர்ட்ஸுக்கு மேல் இழப்பதற்கு அதிகம் இல்லை, அங்கே மென்மையாக வெட்டினால் அந்தக் கோடு மெலிந்துவிடும். தந்தியைக் கட்டைவிரலால் அடித்து ஸ்லாப் முறையில் வாசிப்பவர்கள் அவ்வளவு இறங்கி வெட்டக் கூடாது.

ஏற்கெனவே பதிவான டேக்குகளுக்கு, ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளின் நாய்ஸ் ரிடக்‌ஷன், ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் உள்ள ரியாஃபிர் போன்றவை இரைச்சலின் மாதிரியைக் கேட்டு அதைக் கழித்துத் தருபவை. அதற்காகவே ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும், அதே நாற்காலியில், அதே திசையில், தந்திகளைக் கையால் அமர்த்தியபடி ஐந்து நொடி மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். கழிப்பதை மிதமாக வையுங்கள். அதிகமானால் சுரங்களின் வால் நீருக்கடியில் ஒலிப்பதுபோலக் குழையும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசர் போட்டு 10 டெசிபல் ஏற்றினால், சுரங்களுக்கு இடையிலுள்ள இரைச்சலும் அதே 10 டெசிபல் ஏறும் என்பதால், கழிப்பதைக் கம்ப்ரசருக்கு முன்னால் வைக்க வேண்டும். பதிவின்போது கைப்பேசியை ஏர்பிளேன் நிலையில் வையுங்கள். 2ஜி இணைப்பில் அழைப்பு வந்தால் அதன் 217 ஹெர்ட்ஸ் துடிப்பு எந்தப் பிக்கப்பிலும் கேட்கும், அதைக் கழிக்க நல்ல வழி இல்லை.

ஆக நண்பருக்கு என் யோசனை, இப்போதைக்கு எதையும் வாங்காமல் நாற்காலியை ஒரு மீட்டர் பின்னுக்கு இழுத்து, மானிட்டரை அணைத்து, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி, இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து ஒருமுறை பதிவு செய்து பார்ப்பது. நேரில் அளக்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது எனக்கு முறையாகப் படவில்லை. அடாப்டர் பிளக்கில் இரண்டு முனைகளா மூன்றா, கீச்சொலி ஹெட்ஃபோனிலும் இருக்கிறதா, சால்டர் பிளக்கோடும் இருக்கிறதா, எந்த ஹெர்ட்ஸில் கோடு நிற்கிறது என்ற நான்கையும் எழுதினால், அடுத்து எதைத் தொட வேண்டும் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.